விடையைத் தள்ளிப்போடுங்கள்: தொடக்கப் பள்ளியில் அறிவியல் கற்பிக்க வருபவர்களுக்கு

நான்காம் வகுப்பில் ஒருநாள், "கல்யாண வீட்டில் ஆலம் சுற்றுகிற தண்ணீர் ஏன் சிவப்பாக இருக்கிறது?" என்று கேட்டேன். "குங்குமம் கரைத்திருப்பார்கள் டீச்சர்" என்று முக்கால்வாசி வகுப்பு சொன்னது. பின்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, "இல்லை டீச்சர், எங்கள் அம்மாச்சி மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்புதான் போடுவார்" என்றாள். வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது.

அந்த இடத்தில் நான் பெரிய தவறு செய்தேன். "சரியாகச் சொன்னாய்" என்று பாராட்டிவிட்டு, அமிலம், காரம், நிறங்காட்டி என்று மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதி விளக்கத் தொடங்கிவிட்டேன். பிள்ளைகள் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்கள். மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்து கண்ணெதிரே சிவப்பாகும் நொடி அவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அம்மாச்சி சொல்வது உண்மையா என்று சோதித்துப் பார்க்கும் ஆசையையும் நானே அணைத்துவிட்டேன்.

மறு ஆண்டு அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒரு தம்ளரில் மஞ்சள் கரைத்த தண்ணீரையும், பக்கத்தில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு, குங்குமம், எலுமிச்சை, துணி சோப்பு ஆகியவற்றையும் வைத்தேன். சுண்ணாம்பு போட்டதும் சிவந்தது. எலுமிச்சை பிழிந்ததும் மறுபடி மஞ்சளானது. சோப்பு நுரையைப் போட்டபோதும் சிவந்தது. உடனே ஒரு பையன், "சட்டையில் சாம்பார் கொட்டினால் அம்மா சோப்பு போடும்போது இப்படித்தான் சிவப்பாகும்" என்றான். நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தச் சட்டை வகுப்புக்குள் வந்திருக்காது.

தொடக்கப் பள்ளியில் அறிவியல் கற்பிக்க விரும்புகிறவர்கள் முதலில் பழக வேண்டியது விடையைத் தள்ளிப்போடுவதை. கீழே உள்ளவை மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து நான் கற்றவை. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள், பயிற்சி நிறுவனத்தில் படித்துக்கொண்டிருப்பவர்கள், மாலை நேர மையங்களில் தன்னார்வலராகச் சொல்லிக் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் பொருந்தும்.

முதலில், நுழையும் வழி

அரசுப் பள்ளியில் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியராக வர, தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டுகள் படிக்க வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தேர்ச்சி பெற வேண்டும். அந்தத் தாளின் 150 வினாக்களில் 30 சூழ்நிலையியலில் இருந்து வரும். மதுரை மாவட்டத்துக்கான ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் டி.கல்லுப்பட்டியில் இருக்கிறது. நம் பாடத்திட்டத்தில் 1, 2 வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல் என்ற ஒரே பாடம். மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியல் தனியாகப் பிரிகிறது.

தேர்வுக்குப் படிப்பது வேறு, வகுப்புக்குத் தயாராவது வேறு. இரண்டாவதற்கு நான் சொல்லும் எளிய வழி, நீங்கள் நடத்தும் வகுப்பைவிட மூன்று வகுப்பு மேலே உள்ள பாடநூலையும் வாங்கிப் படிப்பது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் எட்டாம் வகுப்பு அறிவியலைப் படிக்க வேண்டும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மனத்தில் ஒளிந்திருக்கும் பிழைகளைக் களைவதற்காகப் படியுங்கள். "செடி மண்ணிலிருந்து உணவு எடுத்துக்கொள்கிறது", "பூமியின் நிழல் விழுவதால் நிலா தேய்கிறது", "விதை முளைக்க வெயில் வேண்டும்" என்ற மூன்றையும் பட்டயப் படிப்பு முடித்தவர்களே வகுப்பில் சொல்லக் கேட்டிருக்கிறேன். செடி தன் உணவைத் தானே இலையில் தயாரித்துக்கொள்கிறது. மண்ணிலிருந்து நீரையும் தாது உப்புகளையும்தான் எடுக்கிறது. பூமியின் நிழல் நிலாவில் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டுமே. பாசிப்பயறு இருட்டு அலமாரியிலும் முளைக்கும், வெளிறி நீளமாக வளரும், அவ்வளவுதான்.

வீட்டில் செய்து பார்க்காததை வகுப்பில் செய்யாதீர்கள்

இதில் சமரசமே கூடாது. ஒரு சோதனையைப் புத்தகத்தில் படித்துவிட்டு நேரே வகுப்பில் செய்தால் இரண்டில் ஒன்று நடக்கும். சோதனை சொன்னபடி வராது. அல்லது வந்துவிடும், ஆனால் அதற்கு நாம் சொல்லும் காரணம் தவறாக இருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அது யாருக்கும் தெரியாமலே போகும்.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை ஏற்றி, மேலே கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சுடர் அணைகிறது, தம்ளருக்குள் தண்ணீர் ஏறுகிறது. "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, அது இருந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். நானும் பல ஆண்டுகள் சொன்னேன். ஒருநாள் வீட்டில் மெதுவாகச் செய்து பார்த்தபோதுதான், நான் பார்க்காமலே விட்டவை தெரிந்தன. தம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பிலிருந்து காற்றுக் குமிழிகள் வெளியேறுகின்றன. சுடர் எரியும்வரை தண்ணீர் பெரிதாக ஏறுவதில்லை. அணைந்த பிறகுதான் சட்டென்று ஏறுகிறது. ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்தி வைத்தால் இன்னும் உயரமாக ஏறுகிறது. ஆக்சிஜன் கணக்கு சரியென்றால் எத்தனை மெழுகுவத்தி வைத்தாலும் ஒரே உயரம்தானே வர வேண்டும்? சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது; சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது; வெளிக் காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சுடர் அணையும்போது தம்ளருக்குள் ஆக்சிஜன் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது.

இவ்வளவும் மூன்றாம் வகுப்புக்குத் தேவையில்லை. அதனால் இந்தச் சோதனையை நான் தொடக்க வகுப்புகளில் செய்வதையே விட்டுவிட்டேன். காற்று இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று காட்ட, கசக்கிய காகிதத்தைத் தம்ளரின் அடியில் அழுத்தி வைத்து, தம்ளரை நேராகக் கவிழ்த்து வாளித் தண்ணீருக்குள் இறக்குங்கள். வெளியே எடுத்தால் காகிதம் நனையாமல் இருக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளையே செய்யலாம். தம்ளரைச் சற்றுச் சாய்த்துப் பார்க்க யாராவது ஒருவருக்குக் கட்டாயம் தோன்றும், குமிழி வந்து காகிதம் நனையும், அதுதான் பாடம்.

வீட்டில் செய்யும்போது கடிகாரத்தைப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த இடத்தில் கை தடுமாறுகிறது, எது சிந்துகிறது என்று பாடக்குறிப்பு நோட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

ஒரு பெட்டி

ஆய்வகம் இல்லை என்று காத்திருக்க வேண்டாம். பழைய சூட்கேஸ் ஒன்று போதும். ஒரே அளவிலான கண்ணாடித் தம்ளர்கள் ஆறு, கைலென்ஸ் நான்கைந்து, மருந்துக் கடையில் புதிதாக வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சுகள், பலூன், நூல், டார்ச், சிறு முகம் பார்க்கும் கண்ணாடி, அளவுநாடா. பழைய இரும்புக் கடையில் உடைந்த ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கினால் நல்ல காந்தம் கிடைக்கும். இரண்டு கொட்டாங்கச்சியையும் ஒரு குச்சியையும் கொண்டு தராசு கட்டலாம். மற்றதைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள்; அப்படிக் கொண்டுவந்தால்தான் சோதனை மாலையில் அவர்கள் வீட்டிலும் தொடரும்.

கழிவுப் பொருள்களில் இருந்து அறிவியல் பொம்மைகள் செய்வதில் அரவிந்த் குப்தா வாழ்நாள் உழைப்பைச் செலுத்தியிருக்கிறார். கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர் அவர். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் கிராமத்துப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம்தான் அவரை இந்த வழிக்குத் திருப்பியது. அவருடைய பொம்மைகளின் செய்முறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஒன்றாகச் செய்து பழகுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வெளியிடும் 'துளிர்' இதழையும் வகுப்பு நூலகத்தில் போட்டு வையுங்கள்.

பாதுகாப்பு பற்றி நான்கு விதிகளை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வகுப்பில் எதையும் வாயில் வைத்துச் சுவைக்கக் கூடாது. நெருப்பு பற்றவைப்பது ஆசிரியர் மட்டுமே. மின்சாரம் என்றால் டார்ச் பேட்டரி மட்டும்தான், சுவர் பிளக் பக்கம் கை போகக் கூடாது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. பொத்தான் அளவுள்ள சிறு பேட்டரிகளைப் பெட்டியிலேயே வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

முதல் பாடத்துக்கு ஒரு மாதிரி: பாதாம் பிசின்

புதியவர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது இதைத்தான். மதுரையில் ஜிகர்தண்டா தெரியாத பிள்ளை இல்லை. அதில் கண்ணாடித் துண்டு போல வழுக்கிக்கொண்டு வருவது பாதாம் பிசின். நாட்டு மருந்துக் கடையில் சிறு பொட்டலம் வாங்கினால் ஒரு மாதத்துக்குப் போதும்.

மதியத்துக்கு மேல் கடைசிப் பாடவேளையில் தொடங்குங்கள். மூன்று தம்ளர்களில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, மட்டத்தை நூல் கட்டியோ பேனாவால் கோடு போட்டோ குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் உப்பு, ஒரு தட்டில் ஆற்று மணல், ஒரு தட்டில் பிசின். பிசினைக் கையில் கொடுத்துச் சுற்றில் விடுங்கள். "கல் மாதிரி இருக்கிறது", "கற்கண்டு மாதிரி இருக்கிறது", "மரத்தில் வழியுமே, அது" என்று என்னென்னவோ வரும். எதையும் சரி, தவறு என்று சொல்லாதீர்கள். கரும்பலகையில் எழுதுங்கள்.

இப்போது முக்கியமான கட்டம். எதையும் தண்ணீரில் போடுவதற்கு முன், நாளைக் காலையில் ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டில் படம் வரைய வேண்டும். வாயால் சொல்ல விட்டால் முதலில் சொல்லும் கெட்டிக்காரப் பிள்ளையின் பின்னால் வகுப்பு முழுதும் போய்விடும். படமாக வரைந்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் தன் கணிப்பு என்று ஒன்று இருக்கும். மறுநாள் காலையில் அதைச் சரிபார்க்கவே பள்ளிக்கு ஓடி வருவார்கள். சோதனைக்கு முன் கணிக்க வைப்பது என்ற இந்த ஒன்றை விட்டுவிட்டால், பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள், யோசிக்க மாட்டார்கள்.

எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் பிசினும் உப்பைப் போலக் கரைந்துபோகும் என்று வரைந்தார்கள். ஒரு பையன் மட்டும் தம்ளர் நிறையப் பொதுபொதுவென்று எதையோ வரைந்திருந்தான். அவன் அப்பா மதுரையில் ஜிகர்தண்டாக் கடையில் வேலை பார்க்கிறார். "ராத்திரி ஊறப் போட வேண்டும் டீச்சர். கொஞ்சம் போட்டாலே சட்டி நிறைந்துவிடும்" என்றான். வகுப்பு நம்பவில்லை. வழக்கமாக வாயே திறக்காத பையன். நானும் "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

காலையில் உப்பைக் காணோம். மணல் போட்டபடி அடியில் கிடந்தது. பிசின் தம்ளரின் பாதிக்கு மேல் உப்பிப்போய் நின்றது. அந்தப் பையனின் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அதன் பிறகு கேள்விகள் அவனை நோக்கியே போயின. நான் ஓரமாக நின்றேன். "தண்ணீர் எங்கே போனது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பிசினுக்குள் போய்விட்டது என்று ஒருவன் சொல்ல, அப்படியென்றால் ஊறிய பிசின் கனக்க வேண்டுமே என்று இன்னொருவன் சொல்ல, கொட்டாங்கச்சித் தராசு வெளியே வந்தது. ஒரு தட்டில் ஊறிய பிசின். மறு தட்டில் ஊறாத பிசின், நாங்கள் முதலில் போட்ட அதே அளவு. தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"காணாமல் போன" உப்பை என்ன செய்வது? அந்தத் தண்ணீரை அகலமான தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்தோம். நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு நின்றது. கரைதல், உறிஞ்சுதல் என்ற சொற்களை மூன்றாம் நாள்தான் சொன்னேன். சொன்னபோது அவை தங்களுக்குத் தேவைப்பட்ட சொற்களாக இருந்ததால் யாருக்கும் மறக்கவில்லை.

கேட்ட பிறகு காத்திருங்கள்

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியபோதே பிள்ளைகளின் விடைகள் நீண்டன, காரணங்கள் வரத் தொடங்கின, எப்போதும் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது கேட்கச் சிறிதாக இருக்கலாம். நாற்பது கண்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது மிக நீளம். நான் கேள்வியைக் கேட்டுவிட்டு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுவேன். விடை வந்த பிறகும் மறுபடி எண்ணுவேன்; இரண்டாவது மௌனத்தில்தான் அடுத்த பிள்ளை, "டீச்சர், ஆனால்..." என்று எழும்.

'ஏன்' என்று தொடங்கும் கேள்வியை முதலில் கேட்காதீர்கள். அது பிள்ளைகளைப் புத்தகத்தில் உள்ள வாக்கியத்தைத் தேட வைக்கும். 'என்ன பார்த்தாய்?', 'முன்பு எப்படி இருந்தது?', 'இதை மாற்றினால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குக் கண்ணும் கையும் இருந்தால் போதும், எல்லாப் பிள்ளைக்கும் விடை இருக்கும்.

உங்களுக்கே விடை தெரியாத கேள்வி வாரம் ஒன்றாவது வரும். தெரியவில்லை என்று சொல்லுங்கள். கூடவே, "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேளுங்கள். சுவரில் ஒரு சார்ட் தாளை ஒட்டி, விடை தெரியாத கேள்விகளையெல்லாம் கேட்ட பிள்ளையின் பெயரோடு அதில் எழுதி வையுங்கள்.

பிள்ளைகளின் தமிழிலிருந்து தொடங்குங்கள்

'ஆவியாதல்' என்ற பாடத்தை எடுக்கும்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. நம் பேச்சில் இதற்கு எத்தனை சொற்கள்! கண்மாய் வற்றும். குழம்பு சுண்டும். துணி காயும். தலை உலரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருப்பதாலேயே, இவை அனைத்திலும் நடப்பது ஒன்றுதான் என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை. இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதி, "இவற்றில் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டால் ஒரு பாடவேளை முழுதும் பேச்சு ஓடும். குழம்பில் அடுப்பு இருக்கிறது, துணியில் அடுப்பு இல்லையே என்று ஒரு பிள்ளை மடக்கும். அங்கே வெயிலும் காற்றும் உள்ளே வரும். கடைசியில் நான்குக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்ற நிலை வரும்போது 'ஆவியாதல்' என்று எழுதுங்கள்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை நெல்பேட்டைப் பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இன்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீராவி என்றால் உப்புமா அண்டா. மூடியைத் திறந்ததும் அதன் அடியிலிருந்து சொட்டும் நீரைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். நீராவி குளிர்ந்து நீராவதைக் காட்ட வேறு உபகரணம் வேண்டாம். அண்டாவிலிருந்து நான்கு அடி தள்ளி நிற்க வையுங்கள்.

நோட்டில் பிள்ளைகள் எழுதுவது அவர்கள் பார்த்ததாக இருக்கட்டும். கரும்பலகையில் இருப்பதை முப்பது பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தால் அது எழுத்துப் பயிற்சி. அறிவியல் நோட்டில் முப்பது பேரின் படங்களும் முப்பது விதமாக இருக்க வேண்டும். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழிக்காதீர்கள். 'இதை இன்னொரு முறை பார்த்தாயா?' என்று ஓரத்தில் எழுதுங்கள்.

ஓர் ஆண்டு ஓடும் பாடம்: நிழல்

செலவே இல்லாத, ஆண்டு முழுதும் நீளும் பாடம் இது. மதுரையின் இருப்பிடமே அதற்குப் பெரிய வரம்.

ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பை மைதானத்தில் செங்குத்தாக நட வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டைக் கேட்டு வாங்கி நிமிர்வு பாருங்கள். எங்கள் ஊரில் ஒரு பிள்ளையின் சித்தப்பாவே வந்து நட்டுக் கொடுத்தார். திசைகாட்டியால் வடக்கு, தெற்கைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒரு நாள், பகல் 12 மணியிலிருந்து 12.35 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் கூழாங்கல் வையுங்கள். மிகக் குட்டையான நிழல்தான் அன்றைய உச்சிப் பொழுது. கடிகாரம் 12 காட்டும்போது மதுரையில் உச்சிப் பொழுது வருவதில்லை. மாதத்துக்கு மாதம் அது ஏறக்குறைய 12.01-க்கும் 12.32-க்கும் இடையில் நகரும். இந்திய நேரம் நமக்குக் கிழக்கே உள்ள தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவது அதற்கு ஒரு காரணம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் அளவை எடுங்கள். ஜூன் 21 வாக்கில் உச்சிப் பொழுதின் நிழல் சுமார் 24 செ.மீ. இருக்கும், தெற்கே விழும். பிள்ளைகளை விடுங்கள், நானே முதல் முறை திகைத்தேன். உச்சி வெயில் எப்போதும் தென்பக்கத்திலிருந்தே வரும் என்று எங்கோ படித்து மனத்தில் பதிந்திருந்தது. டெல்லிக்கு அது உண்மை. மதுரை ஏறக்குறைய 9.9 பாகை வடக்கில்தான் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிப் பொழுதில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது.

ஜூலையில் நிழல் குறையும். ஆகஸ்ட் 27 வாக்கில் கம்பின் அடியிலேயே ஒடுங்கிவிடும். நிழலில்லா நாள். அன்று 12.19-ஐ ஒட்டிப் பள்ளி முழுவதும் மைதானத்தில் நிற்கட்டும். தண்ணீர்ப் பாட்டிலை வைத்துப் பார்ப்பார்கள், டிபன் பாக்ஸை வைப்பார்கள், தங்கள் நிழலைக் காலடியில் தேடுவார்கள். முன்னும் பின்னும் ஓரிரு நாள்கூட நிழல் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாகத்தான் இருக்கும். மேகம் மறைத்தாலும் மறுநாள் இருக்கிறது. இதே நிலை ஏப்ரல் 16 வாக்கில் இன்னொரு முறை வரும். செப்டம்பரில் நிழல் வடக்கே திரும்பியிருக்கும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில், அரையாண்டு விடுமுறைக்கு முன், சுமார் 66 செ.மீ. நீளம் வரும்.

ஒவ்வொரு மாத அளவையும் நாடா போல வெட்டிய காகிதத்தில் குறித்துச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். பூமியின் சாய்வைப் பற்றி நான் ஐந்தாம் வகுப்பு வரை பேசுவதில்லை. நீளம் மாறுகிறது, திசையும் மாறுகிறது என்பதைத் தம் கையால் அளந்த பிள்ளைக்கு, மேல் வகுப்பில் சாய்வைச் சொல்லும்போது அதைப் பொருத்த ஓர் இடம் இருக்கும்.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

கிராமத்தில் பலருக்கும் வாய்ப்பது ஈராசிரியர் பள்ளிதான். அறிவியலுக்கு இது ஒரு வகையில் வசதி என்பது என் அனுபவம். நிழல், பிசின், விதை முளைத்தல் ஆகியவற்றை எல்லா வகுப்புகளும் சேர்ந்தே செய்யலாம். ஒன்றாம் வகுப்பு படம் வரையும், மூன்றாம் வகுப்பு ஒரு வரி எழுதும், ஐந்தாம் வகுப்பு அளந்து அட்டவணை போடும். ஆனால் ஒரு குழுவில் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். மேலே போனால் இருவர் செய்வார்கள், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் எட்டிப் பார்ப்பவர்கள் சிறுமிகளாக இருப்பார்கள். தம்ளரை யார் பிடிக்கிறார், யார் எழுதுகிறார் என்று வாரம்தோறும் மாற்றி விடுங்கள்.

வெளியே கூட்டிப் போகும்போது

தலைமை ஆசிரியரின் அனுமதி, பெற்றோரின் சம்மதம், கூட இரண்டு பெரியவர்கள் இல்லாமல் பள்ளி வாசலைத் தாண்டாதீர்கள். கண்மாய்க்கரை என்றால் நீர் நிறைந்த மாதங்களில் கரை மேலேயே நிறுத்துங்கள். அரிட்டாபட்டி நமக்குப் பக்கத்தில் இருப்பது பாக்கியம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த இடம் அது. ராஜாளி இனப் பறவைகள் பாறைகளில் கூடு கட்டும் இடம். ஆனால் பேருந்து ஏற்பாடு செய்து ஆண்டுக்கு ஒரு முறை போவதைவிட, பள்ளிச் சுவருக்குப் பின்னால் நிற்கும் ஒரே வேப்பமரத்தை மாதம் இரு முறை பார்ப்பது அதிகம் கற்றுக்கொடுக்கும். எப்போது இலை உதிர்ந்தது, கொழுந்து என்ன நிறம், பூ எந்த வாரம் வந்தது, எந்தப் பறவை பழம் தின்றது என்று ஓர் ஆண்டுக்கு எழுதி வையுங்கள்.

வீட்டுப்பாடம்

எங்கள் பிள்ளைகளில் பலருடைய வீடுகளில் மல்லிகை பறிக்கவோ கட்டவோ போகிறவர்கள் உண்டு. விடியலில் பறிப்பது மொட்டு; இரவில்தான் அது விரியும். அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். ஆளுக்குப் பத்து மொட்டு. மணிக்கு ஒரு முறை எத்தனை விரிந்திருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். நோட்டுகள் வந்தன. சிலர் தூங்கிவிட்டார்கள், சிலருக்கு அக்கா எழுதிக் கொடுத்திருந்தாள். இரவு எட்டு மணிக்குள் பெரும்பாலான மொட்டுகள் விரிந்துவிட்டதாகப் பலரும் எழுதியிருந்தார்கள். ஒருத்தியின் நோட்டில் மட்டும் எட்டு மணிக்கு 'சைபர்' என்று இருந்தது. அவள் வீட்டில் பூவைத் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்திருந்தார்கள்.

"அவள் எண்ணிக்கை தப்பு" என்று வகுப்பில் இரண்டு பேர் சொன்னார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் விடை சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவளே ஒரு பை மொட்டும், பக்கத்து டீக்கடையில் வாங்கிய ஐஸும், இரண்டு டிபன் பாக்ஸும் கொண்டுவந்தாள். ஒன்றில் ஐஸ், ஒன்றில் சும்மா. இரண்டிலும் பத்துப் பத்து மொட்டு. கணிப்பை நோட்டில் வரைந்துவிட்டோம். பெட்டி இரண்டையும் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சத்துணவு அக்கா தன் வீட்டில் வைத்து, ஐஸ் கரையக் கரைய மாற்றி, இரவு ஒன்பது மணிக்கு எண்ணிச் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.